காதைப் பொத்தும் பையனும் காசுக்கு விற்கும் பட்டியலும்

கேள்வி: 1959-இல் ஹிட்ச்காக் எடுத்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ உளவுப் படத்தின் தவறுகள் என்று ஒரு பட்டியலைக் காசு கொடுத்து வாங்கினேன். காதைப் பொத்தும் பையனைத் தவிர பாதி என் கண்ணில் படவே இல்லை, அதில் போட்டிருக்கும் நேரமும் பொருந்தவில்லை. கோளாறு எங்கே? மலை உச்சியில் வில்லன் வீடு இருப்பது தகவல் பிழைதானே?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. காசு கொடுத்ததுதான் தப்பு. இப்படி விற்பவர்களில் பலர் படத்தையே பார்ப்பதில்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார், முதல் ஆள் தப்பாகப் பார்த்திருந்தால் அது காலாகாலத்துக்கும் ஓடும்.

முதலில் உங்களிடம் இருக்கும் பிரதி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். படத்தின் நீளம் 136 நிமிடம். விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓட வேண்டிய படத்தைச் சில நாடுகளின் டிவிக்காக 25 பிரேமாக ஓட்டிவிடுவார்கள், அப்போது அது ஏறக்குறைய 130 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு மணி நேரத்தில் வரும் காட்சி 57 நிமிடம் 36 விநாடியிலேயே வந்து நிற்கும். படச்சட்டமும், அதாவது திரையில் தெரியும் பரப்பும், அப்படித்தான். டிவிக்காக ஓரத்தை வெட்டினால் இருந்த பொருள் காணாமல் போகும், தியேட்டரில் மறைத்த மேல்பகுதியைத் திறந்துவிட்டால் மைக் எட்டிப்பார்க்கும். அதற்கு இயக்குநரைக் குறை சொல்லி என்ன பயன்? எந்தப் பிரதி, என்ன வேகம், எவ்வளவு வெட்டு என்று உறையில் ஒரு வரி தெளிவாகப் போட இந்த நிறுவனங்களுக்கு இத்தனை வருஷமாகியும் மனசு வரவில்லை, எனக்கு இதில் பொறுமையே போய்விட்டது.

சரி, அந்தப் பையன். அமெரிக்க அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையின் உணவகத்தில் நாயகி ஈவா மேரி செயின்ட் துப்பாக்கியை எடுத்து நாயகன் கேரி கிராண்ட்டைச் சுடுவதற்குச் சில விநாடி முன்பே, பின்னால் மேஜையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் காதைப் பொத்திக்கொள்கிறான். சத்தம் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கன்டினியூட்டி பிழை என்று எழுதுவது தவறு. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே எதாவது மாறினால்தான் கன்டினியூட்டி போச்சு என்று அர்த்தம். இங்கே எதுவும் மாறவில்லை, ஒரே ஷாட்டைப் பலமுறை எடுத்ததில் படத்தில் சேர்த்த டேக்கிலேயே பையன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.

நீங்களே தேட வேண்டுமென்றால் சத்தத்தை நிறுத்திவிட்டு, இருவர் மாறி மாறிப் பேசும் காட்சியில் ஒரே ஒரு பொருளை மட்டும் பாருங்கள்: சிகரெட்டின் நீளம், கோப்பையில் மிச்சம், கடிகார முள், கோட் பட்டன். முகத்தைப் பார்த்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மலைமேல் வீடு பிழை இல்லை. அப்படி ஒரு வீடு அங்கே கிடையாது, கதைக்காக செட்டும் ஓவியமும் சேர்த்து உருவாக்கினார்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பட்டியல்காரர்கள் எண்ணிக்கையை ஏற்றுவதே இந்த வழியில்தான். விமானம் துரத்தும் சோளக்காடு கதையில் இண்டியானா, எடுத்தது கலிபோர்னியா, அதுவும் பிழை இல்லை. ஐ.நா. கட்டடத்துக்குள் படம் எடுக்க அனுமதி தரவில்லை, அதனால் உள்பகுதி முழுக்க செட், அது அசல் மாதிரி இல்லை என்பதும் பிழை இல்லை. வேறு ஊரில் எடுத்ததாலேயே பிழை ஆகாது, கதை சொல்லும் ஊரை மறுக்கிற ஒரு பொருள், ஒரு நம்பர் பலகையோ தூரத்து மலையோ, படச்சட்டத்துக்குள் தெரிந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கதைக்காகக் கற்பனை செய்த வீட்டுக்கு அதுவும் பொருந்தாது.

விற்றவரிடம் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.