மூட்டுக்குள் நடக்கும் வெட்டுக்குத்து

மூட்டு, முதுகுத்தண்டு நோய்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குருத்தெலும்பு ஆய்வகத்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

எனக்கு வயது 58. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, முட்டியில் எலும்பும் எலும்பும் உரசித் தேய்ந்துவிட்டது என்றார்கள். தேய்ந்தால் தேய்ந்ததுதானே? இதில் வேதியியல்காரர்கள் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஐயா. வெறும் உரசல்தான் காரணம் என்றால், தினமும் மிதமாக ஓடுகிறவர்களுக்குத்தான் முட்டி முதலில் போயிருக்க வேண்டும். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் குருத்தெலும்பு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட நன்றாக வழுக்கும்.

அதில் முக்கால் பங்கு வரை தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிக்கான் என்ற பெரிய மூலக்கூறு. நடுவில் ஒரு புரதத் தண்டு, சுற்றிலும் பாட்டில் கழுவும் பிரஷ் போல சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும், தண்ணீரை உள்ளே இழுக்கும். உப்பிக்கொண்டு வரும் இந்தக் கூட்டத்தைக் கட்டிப் போட்டிருப்பது கொலாஜன் இழை வலை. இரண்டையும் உண்டாக்குவது செல்கள். குருத்தெலும்பின் மொத்தப் பருமனில் அவை 1 முதல் 5 சதவீதம்தான். அங்கே ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. கெட ஆரம்பிக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான்.

விஷயம் என்னவென்றால், கட்டுகிற அதே செல்தான் வெட்டுகிற நொதிகளையும் செய்கிறது. இதை நாங்கள் ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்ப்போம். மாட்டு மூக்கின் குருத்தெலும்பைச் சின்னத் துண்டாக நறுக்கி, ஊட்டத் திரவத்தில் போட்டு, உடல் வெப்பத்தில் வைப்போம். இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் புரதத்தைத் துளி சேர்ப்போம். அப்புறம் அந்தத் திரவத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு நீலச் சாயத்தில் விட்டால், சாயம் கண்ணெதிரே ஊதாவாகிவிடும். சர்க்கரைச் சங்கிலிகள் திசுவை விட்டுக் கழன்று வந்துவிட்டன என்று அர்த்தம். முதல் வாரத்திலேயே இது நடந்துவிடும். கொலாஜன் அவ்வளவு சீக்கிரம் அசையாது, அது கரைய இன்னும் சில வாரம் பிடிக்கும். செல்களைக் கொன்றுவிட்டு இதே சோதனையைச் செய்தால் சாயம் பெரும்பாலும் நீலமாகவே நிற்கும். அந்தத் துண்டை யாரும் எதன் மேலும் உரசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெட்டுகிற கத்திகளுக்கும் பெயர் இருக்கிறது. அக்ரிக்கானை வெட்டும் அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 இரண்டும் 1999இல் பிடிபட்டன. 2005இல், இரண்டாவதை நீக்கிய சுண்டெலிகளின் மூட்டுக்குச் சேதம் மிகக் குறைவு என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. கொலாஜனை வெட்டுவதில் முக்கியப் புள்ளி எம்எம்பி-13. பளு, அடிபட்ட பழைய காயம், வயது எல்லாம் இந்தச் செல்லைத் தூண்டிவிடும் காரணங்கள்தான். காரியத்தை முடிப்பது நொதி.

கொலாஜன் பவுடர், குளுக்கோசமைன் மாத்திரை இரண்டும் சாப்பிடுகிறேன். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமா?

கொலாஜன் பவுடர் உங்கள் குடலில் அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் உடைந்துவிடும். முழு இழையாக முட்டிக்குப் போவதில்லை.

இன்னொரு சங்கதி கேளுங்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. ஒரு திசு எந்த வருஷத்தில் உருவானது என்பதை அதை வைத்துக் கணக்குப் போடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2016இல் முட்டிக் குருத்தெலும்பை இப்படிப் பார்த்தார்கள். அதிலிருந்த கொலாஜன் அந்த மனிதர்கள் வளர்ந்த பருவத்தில் உருவானது. பெரியவர்களான பிறகு ஏறக்குறைய மாறவே இல்லை, நோய் வந்த மூட்டிலும்கூட. புதிதாகக் கட்டும் வேலையே நடக்காத இடத்துக்குச் செங்கல் அனுப்பி என்ன பயன்?

குளுக்கோசமைனை 2006இல் அமெரிக்காவில் 1583 பேரிடம் முறையாகச் சோதித்தார்கள். மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள்! கூடவே காண்ட்ராய்டின் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்ட, வலி அதிகமிருந்த சிறு பிரிவினருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதை வைத்துத்தான் இன்றுவரை விளம்பரம் ஓடுகிறது. உங்களுக்குச் சுகமாக இருந்தால் சாப்பிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள்.

எடை கூடினால் முட்டி வலிக்கும், சரி. எனக்கு விரல் மூட்டும் வலிக்கிறதே? விரலால் நான் நடப்பதில்லை.

நல்ல கேள்வி. பருமனானவர்களுக்கு விரல் மூட்டு நோயும் கூடுதலாகவே வருகிறது. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, லெப்டின் போன்ற பல புரதங்களை ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் சில மூட்டுச் செல்களை வெட்டும் பக்கம் தள்ளிவிடும். ஆனால் விரல் நுனி மூட்டில் கெட்டியான முண்டு வந்திருந்தால் முதலில் உங்கள் அம்மா, பாட்டி கையை நினைத்துப் பாருங்கள். அது குடும்பத்தில் இறங்கி வருவது, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அதிகம்.

மகனுக்கு 29 வயது, உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. பாரமே தூக்காதவனுக்கு எப்படி? அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா?

முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதி வரும். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். 52 சதவீதம் பேருக்கு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்றாவது உப்பியிருந்தது, 27 சதவீதம் பேருக்குத் துருத்திக்கொண்டே இருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஆகவே படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

பாரம் பற்றி: பின்லாந்தில் 115 ஜோடி ஆண் இரட்டையர்களை வைத்து 1995இல் செய்த ஆய்வு உண்டு. எல்லாரும் ஒரே கருமுட்டையில் பிறந்தவர்கள். ஒருவர் பாரமான வேலை, மற்றவர் இலகுவான வேலை என்று இருந்தாலும், டிஸ்க் கெட்டதில் வேலைக்கு இருந்த பங்கு ரொம்பச் சின்னது. குடும்ப வழி வருவதுதான் பெரியது. உடம்பில் ரத்தக்குழாய் இல்லாத பாகங்களில் டிஸ்க்தான் பெரியது. நடுவிலுள்ள செல்லுக்குக் குளுக்கோஸ் 7, 8 மில்லிமீட்டர் வரை ஊறி ஊறியே போக வேண்டும். கழிவான லாக்டிக் அமிலமும் அதே வழியில்தான் வெளியேற வேண்டும். மேலும் கீழும் இருக்கும் எலும்புத் தட்டு அடைபட்டால் உள்ளே அமிலம் ஏறும், செல் பட்டினி கிடக்கும், அக்ரிக்கான் செய்வது குறையும், தண்ணீர் வற்றும்.

சரி, பிதுங்கினால் ஏன் காலில் வலி? நரம்பை அமுக்குவதால் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1993இல் ஸ்வீடனில் ஒல்மார்க்கரும் கூட்டாளிகளும் பன்றியின் டிஸ்க் நடுவிலுள்ள கூழை எடுத்து, அதன் நரம்பு வேர் மேல் வெறுமனே வைத்தார்கள். அமுக்கவே இல்லை. ஆனாலும் நரம்பில் சமிக்ஞை போகும் வேகம் குறைந்தது. பிறகு பார்த்தால், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் அந்தக் கூழில் ஒரு முக்கிய வேலைக்காரன். இதில் நல்லதும் இருக்கிறது. அழற்சி வந்தால் விழுங்கும் செல்களும் வரும், அவை பிதுங்கிய கூழைத் தின்று தீர்க்கும். பெரிதாக வெளியே வந்து விழுந்த துண்டுதான் பல நேரம் நன்றாகக் கரைகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கால் வலி தானாகக் குறைவது இதனால்தான். கால் மரத்துப்போய் பலம் குறைந்தால், சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஓட வேண்டும்.

நொதியை வைத்தே டிஸ்க்கைச் சுருக்கலாம் என்று ஒருவர் நினைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1956இல் லூயிஸ் தாமஸ் என்ற மருத்துவர், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் நொதியை முயலின் ரத்தத்தில் ஏற்றினார். சில மணி நேரத்தில் காது வளைய ஆரம்பித்தது, மறுநாளுக்குள் இரண்டு காதும் தொங்கிவிட்டன. மூன்று நான்கு நாளில் மறுபடி நிமிர்ந்தன. அக்ரிக்கான்தான் போயிருந்தது, கொலாஜன் வலை அப்படியே இருந்தது, அதனால் செல்கள் நிரப்பிவிட்டன. இதைப் படித்த லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவர், பப்பாளியின் இன்னொரு நொதியான கைமோபப்பைனைப் பிதுங்கிய டிஸ்க்கில் ஊசி போட்டு 1964இல் வெளியிட்டார். 1982இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. பலருக்குக் கேட்டது. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை, அபூர்வமாகத் தண்டுவடப் பாதிப்பு. 2003இல் அங்கே விற்பனையே நின்றது. ஜப்பான் 2018இல் காண்டோலியேஸ் என்ற வேறு நொதிக்கு அனுமதி கொடுத்தது. அது புரதத்தைத் தொடாது, சர்க்கரைச் சங்கிலியை மட்டும் வெட்டும்.

அண்ணனுக்கு முதுகுத்தண்டு இறுகும் நோய். எனக்கும் ஹெச்எல்ஏ பி27 பாசிட்டிவ். எனக்கும் வந்துவிடுமா?

பயப்படாதே தம்பி. பி27 என்பது செல்லின் மேல் புரதத் துணுக்குகளைத் தாங்கிக் காட்டும், பரம்பரையாக வரும் ஒரு புரத வகை. நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரே சமயத்தில் தெரிந்தது. அந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு பி27 இருக்கும். அதைத் திருப்பிச் சொன்னால் கணக்கு தப்பு. பி27 உள்ள பொதுமக்களில் நூற்றில் ஐந்து பேருக்குள்தான் நோய் வருகிறது. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு கூடும்தான், அப்போதும் வராதவர்களே அதிகம்.

ஏன் வருகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. பி27 செல்லுக்குள் சரியாக மடியாமல் சிக்குகிறது என்பது ஒரு கட்சி. அது தாங்கிக் காட்டும் புரதத் துணுக்கைப் பார்த்துத் தற்காப்புச் செல் ஏமாறுகிறது என்பது இன்னொரு கட்சி. அந்தத் துணுக்குகளை நறுக்கிக் கொடுக்கும் ஈராப்-1 என்ற நொதியின் சில வகைகள், பெரும்பாலும் பி27 உள்ளவர்களுக்கே ஆபத்தைக் கூட்டுகின்றன. அதனால் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. இன்டர்லூக்கின்-17 என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து நன்றாக வேலை செய்கிறது. அதைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் இன்டர்லூக்கின்-23ஐத் தடுத்தால் முதுகுக்குப் பலன் இல்லை. பாடப்புத்தகப் படத்தைத் திருத்த வைத்த தோல்வி அது.

விடியற்காலையில் வலித்து எழுப்புகிற, எழுந்து நடமாடினால் குறைகிற முதுகுவலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது கண் சிவந்து வலித்தால், மூட்டுவாத மருத்துவரைப் பார். அதுவரை அந்தப் பரிசோதனைச் சீட்டை மடித்து உள்ளே வை.

நொதியெல்லாம் தெரியும் என்கிறீர்கள். பிறகு மருந்து எங்கே?

கேட்க வேண்டியதுதான். எம்எம்பி நொதிகளை மொத்தமாகத் தடுக்கும் மருந்துகள் வந்தன. சாப்பிட்டவர்களுக்குத் தோளும் கையும் வலித்து இறுகின. மூட்டுக்கான மருந்தே மூட்டைப் பிடித்தது. அடாம்ட்ஸ்-5ஐ மட்டும் தடுக்கும் மாத்திரையை 900க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். குருத்தெலும்பு குறைவது நிற்கவில்லை என்று 2020இல் தெரிந்தது. வலியை மட்டும் அணைக்கும் டானெசுமாப் அருமையாகக் கேட்டது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக நொறுங்கியது, 2021இல் கைவிட்டார்கள். என் ஊகம் இது: எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு மருந்து கொடுக்கிறோம். முதல் வாரத்தில் ஊதாவாகிற சாயத்தை மறந்துவிட்டு, கொலாஜன் போன பிறகு கதவைத் தட்டுகிறோம்.

பெரியப்பாவுக்கு 45 வயதிலேயே முதுகு விறைத்துவிட்டது. காதுமடல் நீலம் பூத்தது போல இருக்கும், கண்ணின் வெள்ளையில் பழுப்புப் புள்ளி. குழந்தையாக இருந்தபோது அவர் சிறுநீர் நனைத்த துணி, சோப்பு போட்டால் இன்னும் கறுக்கும் என்று பாட்டி சொல்வார். இதற்கும் முதுகுக்கும் சம்பந்தம் உண்டா?

அம்மா, உங்கள் பாட்டியின் நினைவு பெரிய துப்பு. அல்காப்டோனூரியா என்று ஒரு பிறவி நோய் உண்டு, சுமார் இரண்டரை லட்சம் பேரில் ஒருவருக்கு. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாது. ஹோமோஜென்டிசிக் அமிலம் தேங்கும். சிறுநீரில் வெளியேறி, காற்றும் சோப்பின் காரமும் பட்டால் கறுக்கும். மிச்சம் குருத்தெலும்பிலும் டிஸ்க்கிலும் படிந்து, அவற்றைக் கறுப்பாக்கி, நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவரும். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902இல் இதை வைத்துத்தான், நொதிக் குறை பரம்பரையாக வரும் என்ற எண்ணத்துக்கே வித்திட்டார். அவருடைய அப்பா ஆல்ஃபிரெட் கேரட், கௌட் எனும் கீல்வாதம் வந்தவர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியிருப்பதை 1848இல் காட்டியவர். மூட்டு வேதியியலைக் குடும்பத் தொழிலாகவே வைத்திருந்தார்கள்!

பெரியப்பாவின் சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், எளிதில் தெரிந்துவிடும். இருந்தால் நிட்டிசினோன் என்ற மருந்து உண்டு. களைக்கொல்லி ஆராய்ச்சியில் கிடைத்த மூலக்கூறு. அந்த அமிலம் உருவாவதற்கு முந்தைய படியிலேயே மறித்துவிடும். இந்த நோய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே படிந்த கறுப்பை அது கழுவிவிடாது. ரத்தத்தில் டைரோசின் ஏறும் என்பதால் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், கருவிழியையும் அவ்வப்போது பரிசோதிப்பார்கள். பெரியப்பாவின் தம்பி, தங்கைகளையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.