அதிகம் பேசப்படாத கடல் உயிரினங்களில் உங்களை மிகவும் வியக்க வைத்தது எது?

யோசிக்கவே வேண்டாம், பசிபிக் வெள்ளை ஸ்கேட்தான். திருக்கைக்கு நெருங்கிய சொந்தம். தட்டை உடம்பு, நீண்ட வால், முதுகெல்லாம் முள். ஏறத்தாழ 800 மீட்டரிலிருந்து 2,900 மீட்டர் ஆழம் வரை வாழ்கிறது. அறிவியல் இதற்குப் பெயர் வைத்தது 1941இல். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் இதன் வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

2015இல் பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளுக்கு வடக்கே ஒரு ஆய்வுக் கப்பல் ரோபோ ஒன்றைக் கடலடிக்கு அனுப்பியது. சுமார் 1,660 மீட்டர் ஆழத்தில், பூமிக்குள்ளிருந்து வெந்நீரைக் கரும்புகை போலக் கக்கும் துளைகளுக்குப் பக்கத்தில் 157 முட்டைப் பைகள் கிடந்தன. பாதிக்கு மேல் அந்தத் துளைகளிலிருந்து 20 மீட்டருக்குள். மரபணுவைச் சோதித்தபோது இந்த ஸ்கேட்டின் முட்டைகள் என்று உறுதியானது.

முட்டை ஏன் அங்கே? அந்த ஆழத்தில் தண்ணீரின் வெப்பநிலை 3 டிகிரியைக்கூடத் தொடாது. குளிர் கூடக் கூட, முட்டைக்குள் குஞ்சு வளரும் வேகம் குறைந்துகொண்டே போகும். இதே இனக்குழுவைச் சேர்ந்த அலாஸ்கா ஸ்கேட்டின் முட்டை பொரிய, 4.4 டிகிரியில் மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் வெள்ளை ஸ்கேட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அவ்வளவு காலமும் பைக்குள் இருக்கும் மஞ்சள் கருதான் குஞ்சுக்குச் சாப்பாடு. தாய் காவல் இருப்பதில்லை. துளையின் வாயில் விழுந்தால் முட்டை வெந்துவிடும். சற்றுத் தள்ளி, சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் மட்டுமே வெதுவெதுப்பான நீரில்தான் பத்தில் ஒன்பது முட்டைகள் இருந்தன. அந்த வெதுவெதுப்பில் குஞ்சு சீக்கிரம் வளரும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. எரிமலைச் சூட்டை நம்பி மண்ணில் முட்டை புதைக்கும் மலேயோ பறவையை இந்தோனேசியாவில் பார்க்கலாம். கடல் விலங்கு ஒன்று இப்படிச் செய்வது 2018இல் அந்த ஆய்வு வெளியாகும் வரை தெரியாது.

எனக்கு வியப்போடு கவலையும் உண்டு. இப்படிப்பட்ட வெந்நீர்த் துளைகளைச் சுற்றித்தான் செம்பு, துத்தநாகம், தங்கம் கலந்த படிவுகள் சேர்கின்றன. ஆழ்கடல் சுரங்கக்காரர்களின் கண் அவற்றின் மேல்தான். முட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் இடத்தை ஒருமுறை கிளறினால், பல ஆண்டுகளின் குஞ்சுகள் ஒரேயடியாகப் போய்விடும். கலாபகஸில் கண்ட இடம் கடல் காப்பகத்துக்குள் இருக்கிறது, சரி. ஆனால் 2023இல் கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் ஒரு கடலடி எரிமலையின் உச்சியிலும் இதே ஸ்கேட்டின் முட்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. இன்னும் யாரும் எட்டிப் பார்க்காத துளைகளின் பக்கத்திலும் இருக்கலாம். இயந்திரத்தை இறக்குவதற்கு முன்பு, அங்கே முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.