உடையாத கத்தி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன மாதம் இணையத்தில் ஒரு நேபாளக் குக்ரிக் கத்தி வாங்கினேன். பத்து அங்குல அலகு, முதுகு ஒன்பது மில்லிமீட்டர் கனம். பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி கேட்டது: "யாரை வெட்டப் போறீங்க?"

ஓசூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. காடு என்று பார்த்தால் வருடம் ஒருமுறை ஏற்காடு, அதுவும் ரிசார்ட். ஏற்கெனவே அமெரிக்க பாணியில் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கத்தி வைத்திருக்கிறேன். கத்தியை கான்கிரீட் கல்லில் அடித்துச் சோதிக்கிறவர்களின் வீடியோக்களை ராத்திரி பன்னிரண்டு மணி வரை பார்க்கிறேன். இவ்வளவு பேர் உடையவே உடையாத கத்திக்கு ஏன் காசைக் கொட்டுகிறோம்? இது வெறும் ஆண்பிள்ளை விளையாட்டா? கைக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள். வீட்டில் சொல்ல ஒரு பதில் கொடுங்கள்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி கேட்டதில் தப்பில்லை. அந்தக் கனத்தில் ஒரு கத்தியைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். எனக்கு வேறொரு கேள்வி: அதை வைத்து ஒரு கேரட் நறுக்கிப் பார்த்தீர்களா?

பாருங்கள். அலகு கால்வாசி இறங்கும் வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். அதற்கப்புறம் கத்தி வெட்டாது, பிளக்கும். 'டக்'கென்று ஒரு சத்தம், துண்டு தெறித்து மேடையைத் தாண்டிப் போய் விழும். வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்த்தால் மேலே கொஞ்சம் வழவழப்பாகவும் கீழே முறிந்த சொரசொரப்பாகவும் இருக்கும். கூர் போதாததால் இல்லை. சவரம் செய்கிற அளவுக்குத் தீட்டினாலும் இதேதான். கூருக்குப் பின்னால் வருகிற கனம் ஆப்பு வேலை செய்கிறது.

ஆனால் அந்தக் கனம் சும்மா வைக்கப்பட்டதும் இல்லை. அலகின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. மெல்லிய கத்தியை மரத்தில் செருகி நெம்பினால் வளையும், இல்லை முறியும். உங்கள் கத்தி அசைந்துகொடுக்காது. ஆக, நீங்கள் வெட்டும் சுகத்தைக் கொடுத்துவிட்டு உடையாத தன்மையை வாங்கியிருக்கிறீர்கள். இந்தப் பேரத்துக்கு யார் சம்மதிப்பார்கள் என்று யோசித்தால் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

காட்டில் நாள் பூரா கத்தி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. ஸ்வீடனில் மோரா என்கிற ஊரின் பெயரிலேயே ஒரு கத்தி இருக்கிறது. நாலு அங்குல அலகு, இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் கனம், மலிவான விலை. கட்டட வேலைக்காரர் முதல் மீனவர் வரை அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கனடாவில் காட்டில் வாழும் கலையைப் பல காலம் கற்றுக்கொடுத்த மோர்ஸ் கோசான்ஸ்கி பரிந்துரைத்ததும் அந்த மாதிரி சின்னக் கத்தியைத்தான். பெரிய வேலைக்கு அவர்களிடம் கோடரியும் ரம்பமும் உண்டு. வெப்பமண்டலக் காடுகளில் புதர் வெட்ட வீசுகிற மச்செட்டி என்கிற நீளக் கத்தியும் ஒன்றரை அடி நீளம் இருக்குமே தவிர, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனக்காது. காலையிலிருந்து மாலை வரை வீசுகிறவனுக்குத் தோள்பட்டை மிஞ்ச வேண்டுமல்லவா.

ஒரே ஒரு கருவியைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு போக முடியும் என்கிற நிலையில் இருப்பவன்தான் சம்மதிக்கிறான். குக்ரி அப்படி வந்தது. நேபாள மலைக்கிராமத்தில் விறகு வெட்டவும், மூங்கில் சீவவும், தசைன் பண்டிகைக்கு ஆட்டை வெட்டவும் அதே கத்திதான். முன்னால் வளைந்த உருவம், எடையைப் பிடியிலிருந்து தள்ளி நுனிப்பக்கம் கொண்டுபோகிறது. அதனால் நீளம் குறைந்தாலும் கைக்கோடரிபோல இறங்குகிறது. பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை வாங்கித்தான் இன்று பெரும்பாலும் அடிக்கிறார்கள். மேடு பள்ளத்தில் வருடக்கணக்காகக் குலுங்கியும் முறியாமல் இருப்பதற்காகவே செய்த எஃகு அது. நம் திருப்பாச்சேத்தி அரிவாளும் லாரிப் பட்டைதான். இரண்டு ஊர்க் கொல்லர்களும் கலந்து பேசி முடிவெடுக்கவில்லை. சாலை போட்ட இடமெல்லாம் லாரி போகிறது, லாரி போன இடமெல்லாம் பட்டை கிடைக்கிறது.

நான் மிக ரசிப்பது அவர்கள் துவைச்சல் போடுகிற முறையைத்தான். பழுக்கக் காய்ச்சிய அலகை அப்படியே தண்ணீரில் முக்குவதில்லை. கெட்டிலை எடுத்து அதன் மூக்கு வழியாக, அலகின் வாயில், அதாவது கூர் வரும் ஓரத்தில் மட்டும், நூல் பிடித்தாற்போலத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிறார் கொல்லர். வாய் மட்டும் கெட்டிப்படுகிறது. முதுகு மென்மையாக நின்று அடியை வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்த காமி சாதியினரை நேபாளச் சமூகம் நெடுங்காலம் தீண்டாமைக்குள் வைத்திருந்தது. கூர்க்காவின் வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருப்பீர்கள், கத்தி அடித்தவரைப் பற்றி எவ்வளவு படித்தீர்கள்?

உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாது என்று ஒரு கதை சொல்வார்கள். வெங்காயம் நறுக்குகிற கத்திக்கு அப்படி ஒரு விதி இருந்தால் அந்த நாட்டில் யாருக்கும் விரல் மிஞ்சியிருக்காது.

அந்த உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். சக்மக் என்பதற்குக் கூரே கிடையாது. தீட்டவும், கல்லில் தட்டி நெருப்புப் பொறி எடுக்கவும் அது. கர்தா என்பது மெல்லிய, கூரான சின்னக் கத்தி. அதாவது, உலகத்திலேயே பேர்போன கனத்த கத்தியைச் செய்தவர்களுக்கு அதனால் ஆகாத வேலை எது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் கறிக்கடையிலும் இதே கணக்குத்தான். பாய் எலும்பு வெட்டும்போது கத்தியை அழுத்துவதே இல்லை. தூக்குகிறார், விடுகிறார், மீதியை எடை பார்த்துக்கொள்கிறது. ஜவ்வை எடுக்க வேண்டிய இடம் வந்ததும் அதைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு மெல்லிய கத்திக்குக் கை போகிறது.

ஒற்றைக் கருவிக்காரர்களில் இன்னொருவன் சிப்பாய். அமெரிக்க மரைன் படை 1942-ல் எடுத்துக்கொண்ட, கேபார் என்று பெயர் பெற்ற கத்தியை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 7 அங்குல அலகு, தோல் வளையங்களை அடுக்கிய பிடி. பெயர் என்னவோ சண்டைக் கத்திதான். ஆனால் அது டப்பா திறந்தது, பெட்டி நெம்பியது, முளை அடித்தது, குழி தோண்டியது. அதன் கனம் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர். உலகப் போருக்குப் போனவர்களுக்கு நாலு போதுமாக இருந்திருக்கிறது. உங்களுக்கு ஓசூரில் ஆறு தேவைப்படுகிறது.

கிண்டல் இல்லை, இங்கேதான் விஷயம் இருக்கிறது. கத்தி சும்மா உடைவதில்லை, உடைக்கப்படுகிறது. விறகைக் கத்தியால் பிளக்கிறவர்களை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அலகைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடிப்பார்கள். பழகினவர் முதலில் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ரேகை எப்படி ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்று பார்த்து, கணுவை விட்டு ஒதுங்கி வைப்பார். ரெண்டு தட்டில் பிளந்துவிடும். சனி ஞாயிறு மட்டும் கூடாரம் போடுகிறவர் கணு மேலேயே வைப்பார். கத்தி பாதியில் சிக்கும். ஆத்திரத்தில் நுனியில் ஓங்கி அடிப்பார், பக்கவாட்டில் திருகுவார். மெல்லிய கத்தி அப்போதுதான் வாய் உடைகிறது. ஆறு மில்லிமீட்டர் கத்தி ஒன்றும் ஆகாமல் வெளியே வருகிறது. பழக்கத்துக்குப் பல வருடம் வேண்டும், வாரக் கடைசியில் அது வராது. அதை எஃகாக வாங்கிக்கொள்கிறோம். இந்தக் கத்திகளை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். கை தப்பினாலும் பொருள் தப்பாது என்கிற நிம்மதி.

இது கேவலமான ஆசை இல்லை. கற்றுக்கொள்கிற காலத்தில் கத்தி நம் தப்பைப் பொறுத்துக்கொள்வது நல்லதுதான். அமெரிக்காவில் சில கம்பெனிகள் முந்நூறு, நானூறு டாலர் விலை போட்டு, நீங்களே உடைத்தாலும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறோம் என்று ஆயுள் உத்தரவாதம் கொடுக்கின்றன. வாங்கினவர்களில் பலர் அந்தக் கத்தியால் ஒரு சுள்ளியைக்கூடத் தொட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உடையாது என்பது வேறு, மழுங்காது என்பது வேறு. எஃகைக் கெட்டிப்படுத்த கெட்டிப்படுத்தக் கூர் நிற்கும், ஆனால் நொறுங்கும் குணமும் கூடும். அரத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பட்டென்று உடைவது அதனால்தான். ஜப்பானியச் சமையல் கத்திகள், எஃகின் கெட்டியை அளக்கிற ராக்வெல் அளவில், பெரும்பாலும் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். கூர் அபாரம், ஆனால் எலும்பில் பட்டால் வாய் பொரிந்துவிடும். அடி தாங்க வேண்டிய கத்தியைக் கொஞ்சம் தளர்த்தித்தான் விடுவார்கள். அதனால் அடிக்கடி தீட்ட வேண்டும். கனமான அலகைத் தீட்டுவது மெல்லியதைத் தீட்டுவதைவிடச் சள்ளை பிடித்த வேலை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

'ஒருவேளை' என்கிற பயமும் ஒரு காரணம். ஒருவேளை காட்டில் மாட்டிக்கொண்டால், ஒருவேளை கார் கதவு திறக்காவிட்டால். இந்தப் பேச்சு எழுந்தால் யாராவது ஆரன் ரால்ஸ்டனைக் கொண்டுவருவார்கள். 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் பாறை உருண்டு அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. ஐந்து நாளைக்கு அப்புறம், மலிவான ஒரு பல்நோக்குக் கருவியின் மழுங்கின கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கத்தி எலும்பை வெட்டாது என்பதால் எலும்பை முதலில் நெம்பி முறித்தார். இதைக் கேட்கிற கத்திப் பிரியர்கள், நல்ல கத்தியாக இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுவார்கள். அவர் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லாமல் போனார் என்பதை யாரும் பேசுவதில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதற்குக் காசு ஆகாது, அதைக் கையில் எடுத்து ரசிக்கவும் முடியாது. பாவம், அதனால்தான் அதற்கு மவுசு இல்லை.

தற்காப்புக்கு என்று வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. நம் ஊரில் அரிவாள் எந்தப் பக்கத்துச் செய்தியில் வருகிறது என்று தெரியும்தானே. உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் இல்லை, நிம்மதி.

ஆண்பிள்ளை விளையாட்டா என்று கேட்டீர்கள். கொஞ்சம் அதுவும்தான். கையில் எடுத்ததும் ஒரு எடை, நன்றாக அடித்த இரும்பின் நிறம், இதெல்லாம் பிடித்துப்போவதற்குக் காரணம் தேடி ஏன் அலைய வேண்டும்? வீட்டில் காடு, ஆபத்து என்றெல்லாம் கதை கட்டாதீர்கள், ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடுவீர்கள். "பிடிச்சிருந்தது, வாங்கிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு அடுத்த தேங்காயை அதன் மழுங்கின முதுகால் தட்டி உடைத்துக் கொடுங்கள். பலாப்பழம் வந்தால் அந்த வேலையையும் அதற்கே ஒதுக்குங்கள். நறுக்குகிற வேலையில் மட்டும் தலையிடாதீர்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 2016 ஆயுத விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், குக்ரியின் பெயரைச் சொல்லியே, ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், தொழில் போன்ற வேலைகளுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது பத்து அங்குலம். எந்தப் பக்கம் சேரும் என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் காரில் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டாம். வாகனச் சோதனையில் நிற்கிற காவலருக்குக் கர்தா, சக்மக் எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

தோலுறையிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துவைத்துத் துருவைக் கொண்டுவரும். துடைத்து, எண்ணெய் தடவி, வெளியே வையுங்கள். உருவும்போது விரல்களை உறையைச் சுற்றிப் பிடிக்காமல், முதுகுப் பக்கமாக மட்டும் பிடியுங்கள். வாய்ப் பக்கத்துத் தையலை அறுத்துக்கொண்டு அலகு வெளியே வந்துவிடுவது உண்டு.