துடிக்கும் காலும் மடங்கிய விரலும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 26 வயது. மாடியிலிருந்து விழுந்ததில் கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்து 7 வாரம் ஆகிறது. கேஸ் ஷீட்டில் "சி6, ஏசியா பி" என்று எழுதியிருக்கிறார்கள். முழங்கையை மடக்குகிறான், மணிக்கட்டைத் தூக்குகிறான். விரல்கள் அசையவில்லை. காலைத் தொட்டால் மங்கலாகத் தெரிகிறது என்கிறான்.

போன வாரத்திலிருந்து கால் தானாகத் துடிக்கிறது. சில நேரம் முழங்கால் மடங்கி மேலே வருகிறது. அம்மா சந்தோஷத்தில் எல்லாருக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். டாக்டர் "அது ஸ்பாசம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தம்பி என்னிடம், "அக்கா, இது நல்லதுதானே?" என்று கேட்கிறான். பார்க்க வருகிறவர்கள் காலை நன்றாக அமுக்கிவிடச் சொல்கிறார்கள். விரல்கள் இறுகிவிடக் கூடாதென்று நானும் அம்மாவும் தினமும் அவன் கையை நன்றாக விரித்து நீட்டிவிடுகிறோம். இப்போதெல்லாம் அவன் பேசுவதே குறைந்துவிட்டது. தைரியம் சொல்லுங்கள் என்கிறார்கள் எல்லாரும். அதைத் தவிர, கூட இருப்பவர்கள் உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விரலிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட வரிசை அதுவல்ல, ஆனால் அந்த நீட்டிவிடுதலை இன்றே நிறுத்த வேண்டும்.

சி6, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் 6ஆம் பகுதிக் காயத்தில் மணிக்கட்டைத் தூக்கும் தசை வேலை செய்யும், விரலை மடக்கும் தசை வேலை செய்யாது. ஆனால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் போகின்றன. அவை கொஞ்சம் குறுகி இருந்தால், மணிக்கட்டை மேலே தூக்கும்போது இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும். கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தும். மணிக்கட்டைக் கீழே விட்டால் விரல்கள் திறக்கும். இதற்கு டெனோடிசிஸ் பிடி என்று பெயர். ஒரு விரல்கூட சொந்தமாக அசையாதவர்கள் இந்தப் பிடியை வைத்து டம்ளர் எடுக்கிறார்கள், பேனா பிடிக்கிறார்கள், பழகியபின் சிலர் சிறுநீர் எடுக்கும் குழாயான கத்தீட்டரைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் பின்னோக்கி நீட்டி நீட்டி விட்டால் அந்தத் தசைநாண்கள் தளர்ந்துபோகும். பிடி போய்விடும்.

ஆகவே விதி இது: விரலை நீட்டுவதென்றால் மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்குவதென்றால் விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நீட்டக் கூடாது. உட்காரும்போது அவன் கையை ஊன்றினாலும் விரல்களை மடக்கியே ஊன்றட்டும். அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் டெனோடிசிஸ் என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள். கையைச் சரியான நிலையில் வைக்க இரவில் போடும் ஸ்ப்ளிண்ட் (தாங்கி) தேவையா என்று அவர் பார்ப்பார்.

முழங்கை விஷயம் நேர் எதிர். அதை மடக்கும் தசை இருக்கிறது, நீட்டும் தசை இல்லை. அப்படியே விட்டால் மடங்கிய நிலையிலேயே இறுகும். பிறகு கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறக் கையை ஊன்றவே முடியாது. முழங்கையைத் தினமும் முழுதாக நீட்டிவிடுங்கள். பாதத்தை 90 டிகிரியில் வையுங்கள். தூக்கும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள். இனி அவன் தோள்தான் அவன் உடம்பின் பாரத்தைச் சுமக்கப் போகிறது, அதைக் கெடுத்துவிட்டால் மாற்று இல்லை.

இனி கால். டாக்டர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் போதாது. ஸ்பாசம் என்றால் தசை தானாக இறுகித் துடிப்பது. காயம் பட்டவுடன் அந்த இடத்துக்குக் கீழே தண்டுவடம் மௌனமாகிவிடும். இதை ஸ்பைனல் ஷாக் என்பார்கள். சில நாட்களோ சில வாரங்களோ நீடிக்கும். அது விலகும்போது கீழ்ப்பகுதியின் ரிஃப்ளெக்ஸ்கள் (அனிச்சை அசைவுகள்) திரும்பி வருகின்றன. மூளையிலிருந்து வரவேண்டிய அடக்கும் கட்டளை வராததால் முன்பைவிடப் பலமாக வருகின்றன. போர்வை உரசினாலே முழங்கால் மடங்கும். மூளையைக் கேட்காமல் தண்டுவடம் தானே செய்கிற வேலை இது. எனவே இது நடக்கப்போவதன் அடையாளமில்லை, கெட்டதன் அடையாளமும் இல்லை.

அவன் நினைத்து அசைக்கிறானா என்பதைச் சோதிக்க வழி இருக்கிறது. அவன் காலைத் தொடாமல், "வலது கால் பெருவிரலை மட்டும் மேலே தூக்கு" என்று சொல்லுங்கள். சொன்ன விரல், சொன்ன நேரத்தில், மூன்று தடவையும் அதே மாதிரி அசைந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேறெந்த அசைவையும் கொண்டாட வேண்டாம்.

ஏசியா என்பது தண்டுவடக் காயத்தின் கடுமையைக் குறிக்கும் தர அளவு. அதில் "பி" என்றால் காயத்துக்குக் கீழே உணர்வு ஓரளவு மிச்சம் இருக்கிறது, ஆசனவாய்ப் பகுதி வரைக்கும். அசைவு இல்லை என்று பொருள். ஆசனவாய்ப் பகுதியில் உணர்வோ அசைவோ மிஞ்சாத "ஏ"யைவிட இது மேல். தொடுவது மட்டும் தெரிகிறதா, ஊசி முனையின் கூர்மையும் தெரிகிறதா என்று கேளுங்கள். கூர்மையும் தெரிந்தால் தசைகள் திரும்பும் வாய்ப்பு கூடுதல். திரும்புவதில் பெரும்பகுதி முதல் 6 மாதத்தில் வரும், அதன்பின் வேகம் குறைந்து ஒரு வருடத்துக்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். ஏசியா பரிசோதனையை மறுபடி எப்போது செய்வார்கள் என்று தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி கேட்டால் இவ்வளவையும் அவனிடமே சொல்லலாம். "நிச்சயம் நடந்துவிடுவாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டால் நடக்காத ஒவ்வொரு வாரமும் அவன் உங்களுக்குத் தருகிற ஏமாற்றமாக அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கும் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கால் துடிக்கத் தொடங்கியதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. மார்புப் பகுதியின் 6ஆம் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு, ஸ்பைனல் ஷாக் விலகிய பிறகு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்ற திடீர் ரத்த அழுத்த ஏற்றம் வரலாம். கீழே ஏதோ ஒன்று உடம்பை உறுத்துகிறது, பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை. அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. ஆனால் தண்டுவடம் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், பிபி எகிறும். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சாதாரணமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதனால் 140 என்பது வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டருக்கோ நர்ஸுக்கோ பெரிதாகத் தெரியாது; உங்கள் தம்பிக்கு அது அபாயம். அவனுடைய வழக்கமான அளவைவிட 20 முதல் 40 வரை கூடினாலே சந்தேகப்பட வேண்டும். தலை வெடிப்பதுபோல் வலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தல், மூக்கடைப்பு, மயிர்க்கூச்செறிதல் ஆகியவை அறிகுறிகள். விட்டுவிட்டால் வலிப்போ மூளையில் ரத்தக்கசிவோ வரலாம்.

வந்தால் முதலில் நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். கழுத்தில் காலர் இருக்கிற கட்டத்தில் எவ்வளவு நிமிர்த்தலாம் என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றுப் பட்டை, காலுறை, இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே கத்தீட்டர் குழாயை மேலிருந்து கீழ்வரை பாருங்கள்: மடிந்திருக்கிறதா, அவன் தொடையின் கீழ் சிக்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா. குழாய் அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். அதில் கோளாறு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் மலக்குடல், அதன்பின் தோல்: புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், உடம்புக்கு அடியில் கிடக்கும் பேனா மூடி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிபி பார்க்க வேண்டும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் தானே இறங்கும், இறங்காவிட்டால் டாக்டர் மருந்து தருவார்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. நாள் கணக்கில் படுத்திருந்தவரைத் திடீரென்று உட்கார வைத்தால் பிபி இறங்கித் தலை சுற்றும், முகம் வெளுக்கும். அப்போது சாய்த்துப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தலைவலியோடு முகம் சிவந்தவனைப் படுக்க வைத்தால் பிபி இன்னும் ஏறும். வெளுத்தால் சாய்க்க வேண்டும், சிவந்து தலை வலித்தால் நிமிர்த்த வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவனுடைய வழக்கமான பிபி எழுதிய அட்டை கையில் இருக்கட்டும். தண்டுவடக் காயத்தில் பழக்கமில்லாத டியூட்டி டாக்டருக்கு இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.

காலை அமுக்குவதைத் தடுத்துவிடுங்கள். முதல் 3 மாதம் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகம். அமுக்கினால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். தினமும் ஒரே இடத்தில் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து குறியுங்கள். ஒன்று மட்டும் பருத்துச் சூடாக இருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே சொல்ல வேண்டும்.

தோலைப் பற்றி யார் எவ்வளவு சொன்னாலும் மிகையாகாது. இங்கிலாந்தில் 1944இல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மான் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கியபோது, இந்த நோயாளிகளைக் கொன்றுகொண்டிருந்தவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதை அவர் கறாராக நடைமுறைப்படுத்தினார். வலி தெரியாத உடம்பு தானாகப் புரளாது, அவ்வளவுதான் காரணம். முழுப் பக்கவாட்டில் கிடத்தாதீர்கள், இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்கால் தலையணை மேல் இருக்க, குதிகால் எதிலும் படாமல் நிற்க வேண்டும். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், அடியில் விரித்த துணியை இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். இழுத்தால் தோல் அப்படியே நிற்க உள்சதை நகரும், புண் உள்ளிருந்து கிளம்பும். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் அடுத்த நோயாளி நீங்கள்தான்.

ஏர் பெட் இருக்கிறதே என்று திருப்பாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். ஏர் பெட்டுக்கு அடியில், அவன் புட்டத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை விட்டுப் பாருங்கள். உங்கள் கைக்கும் உடம்புக்கும் நடுவே 2.5 செ.மீ. அளவுக்காவது காற்று இல்லையென்றால் பெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம். சுற்றியுள்ள இடத்தில் ரத்த ஓட்டத்தை அது நிறுத்துகிறது. காலையும் இரவும் பிருஷ்டம், வால் எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அது தேறும்வரை அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது. சுடுநீர்ப் பை பக்கத்திலேயே வரக் கூடாது. உட்காரத் தொடங்கியதும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும்.

குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பை எப்போதும் அவன் வயிற்றுக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கட்டும். வைத்தபடியே இருக்கும் குழாயை எடுத்துவிட்டு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் போட்டு எடுக்கும் முறைக்கு மாறுவார்கள். ஒரு தடவைக்கு 500 மி.லி.க்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும் அல்லது குடிக்கும் நீரைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மலம் கழிப்பதற்கு தினமும் ஒரே நேரம் வையுங்கள். சாப்பிட்டு அரைமணிக்குள் குடல் தானே அசையும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்பாசம் திடீரென்று கூடினால் உடனே மாத்திரையைக் கூட்டச் சொல்லாதீர்கள். முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புண் இவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

தைரியம் சொல்வது பற்றிக் கேட்டீர்கள். அவன் உடம்பை நாள் முழுக்க யார் யாரோ தொடுகிறார்கள், திருப்புகிறார்கள், குழாய் போடுகிறார்கள். அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. பேச்சு குறைவதற்கு அது ஒன்றே போதும். தொடுவதற்கு முன் கேளுங்கள். திருப்பும் நேரத்தை அவன் சொல்லட்டும், எந்தப் பக்கம் என்று அவன் சொல்லட்டும், தலையணை எங்கே என்று அவன் சொல்லட்டும். குழாயைப் பார்க்கும் வரிசையை மேலே எழுதியது உங்களுக்காக மட்டுமல்ல. அவன் அதை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளை தெரியாத ஒருவர் அவனைத் தூக்க வரும்போது கட்டளை அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். யார் பார்க்க வரலாம் என்பதையும் அவனே முடிவு செய்யட்டும். அவன் தலைக்கு மேலே டாக்டரோடு நீங்கள் பேசிக்கொள்ளாதீர்கள். உணர்வில்லாத காலில் எரிகிறது, குத்துகிறது என்று சொன்னால் நம்புங்கள். நரம்பு வலி உண்மையானது, அதற்கு மருந்து உண்டு. தூக்கம் போய், சாப்பாட்டை ஒதுக்கி, இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினால் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரை வார்டுக்கே அழைக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றி இப்போதே யோசியுங்கள். வாசலில் படி 1 அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். கட்டிலின் உயரம் வீல்சேர் இருக்கையின் உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டு பிறகு வீல்சேரைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்சார்ஜ் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு முழு நாளும் இரவும் திருப்புவது, கத்தீட்டர், மலம், வீல்சேருக்கு மாற்றுவது எல்லாவற்றையும் நர்ஸ் கை வைக்காமல் நீங்களும் அம்மாவும் செய்கிறோம், தம்பி சொல்லச் சொல்ல, என்று வார்டில் கேட்டு வாங்குங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது அன்று தெரிந்துவிடும், கேட்பதற்குப் பக்கத்தில் ஆளும் இருப்பார்கள்.