லண்டனில் சில ஆப்பிரிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் தாய்மொழியைச் சரளமாகப் பேசுகிறார்கள், சில குடும்பங்களில் ஒரு வார்த்தைகூட வருவதில்லை. ஏன் இந்த வித்தியாசம்?

நான் தென்கிழக்கு லண்டனில், பெக்கத்தில் குடியிருக்கிறேன். நைஜீரியாவின் பெரிய நகரமான லாகோஸை வைத்து இந்தப் பகுதிக்கு ‘குட்டி லாகோஸ்’ என்றே பெயர் உண்டு. இங்குள்ள ரை லேன் தெருவில் யாம் கிழங்கும் கருவாடும் விற்கிற கடைக்குள் நுழைந்தால் நைஜீரியாவின் யோருபா மொழி காதில் விழும். ஆனால் கடைக்காரர் யோருபாவில் எதையாவது கேட்டால், கல்லாவில் இருக்கும் மகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். எனக்குத் தெரிந்த சோமாலிக் குடும்பங்களில் அப்படி இல்லை. பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசினாலும், அம்மா பக்கம் திரும்பினால் சோமாலிக்கு மாறிவிடுகிறார்கள். நீங்கள் கேட்கும் வித்தியாசம் உண்மைதான்.

நைஜீரியப் பெற்றோருக்கு அக்கறை போதாது என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பெற்றோர் தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழியைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் தோழி, ஒரு மூத்த நர்ஸ், நைஜீரியாவின் ஈபாடான் நகரத்தைச் சேர்ந்தவர். அவர் படித்த பள்ளியில் வகுப்பில் யோருபா பேசினால் அபராதம், சில நாள் அடியும் விழும். யோருபாவை அங்கே பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, ‘வெர்னாகுலர்’, அதாவது வட்டார மொழி, என்பார்கள். திருச்சியில் நான் படித்த ஆங்கில மீடியம் பள்ளியிலும் தமிழ் பேசினால் காசு கட்ட வேண்டும் என்பதால், அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. 1960ல் பிரிட்டிஷ்காரர்கள் போன பிறகும் நைஜீரியாவில் இந்த வழக்கம் போகவில்லை. அப்புறம் அவர் லண்டன் வந்தார். மகன் பள்ளியில் சேர்ந்ததும் ஆசிரியை ஒருவர், “வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இல்லாவிட்டால் பையன் குழம்பிவிடுவான்” என்றிருக்கிறார். சின்ன வயதில் ஊரில் சொன்னதையே இங்கேயும் சொன்னால் ஒரு தாய் என்ன செய்வார்? பிள்ளையின் நன்மைக்கு என்று நம்பித்தான் யோருபாவை நிறுத்தினார்.

கொடுமை என்னவென்றால், அந்த அறிவுரை தவறு என்பதை நைஜீரியாவிலேயே ஒருவர் செய்து காட்டியிருந்தார். கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா 1970ல் இஃபே நகரில் ஒரு சோதனை தொடங்கினார். தொடக்கப் பள்ளியின் ஆறு வருடமும் எல்லாப் பாடங்களையும் யோருபாவில் நடத்தி, ஆங்கிலத்தை ஒரு மொழிப் பாடமாக மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஃபஃபுன்வா பின்னாளில் கல்வி அமைச்சராகவே ஆனார். ஆனாலும் என் தோழியைப் போன்ற பெற்றோரிடம் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சோமாலியாவின் கதை வேறு. 1972ல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை அரசு அதிகாரப்பூர்வமாக ஏற்றது. அலுவலகம், பாடப்புத்தகம் எல்லாம் அந்த மொழிக்கு மாறின. 1974ல் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமங்களுக்கு அனுப்பி, ஆடு மாடு ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது நாட்டை ஆண்ட சியாத் பாரேயின் ஆட்சி கொடுங்கோல் ஆட்சி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1991ல் அரசு சரிந்து மக்கள் ஓடிவந்தபோது, தாய்மொழியில் கணக்கும் அறிவியலும் படித்த ஒரு தலைமுறை வெளியே வந்தது. தங்கள் மொழி படிப்புக்கு ஆகாது என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சோமாலியாவில் பெரும்பான்மையோருக்கு ஒரே மொழி. நைஜீரியாவில் 500க்கு மேல். அப்பா யோருபா, அம்மா இக்போ என்றால் வீட்டில் ஆங்கிலம்தான் வரும். சோமாலிகள் அகதிகளாகக் கூட்டுக் குடும்பத்தோடு வந்து அருகருகே குடியேறினார்கள். வீட்டில் ஆங்கிலம் தெரியாத பாட்டி இருந்தால் பேரனுக்கு வேறு வழியே இல்லை.

பண்பாட்டு விஷயத்தில் நைஜீரியப் பெற்றோர் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, இடது கையால் எதையும் நீட்டக் கூடாது, வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது. என் தோழியின் பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு லேசாக முழங்காலை மடக்கி வணக்கம் சொல்லும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் போலவே இருக்கும். ஆனால் யோருபாவில் மரியாதை இலக்கணத்திலேயே இருக்கிறது. நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல அவர்களுக்கும் உண்டு. வேலை செய்பவருக்கு ஒரு வணக்கம், பயணம் முடித்து வந்தவருக்கு இன்னொன்று. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு முழங்கால் மடங்குகிறது, வாயில் சொல் வருவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியின் வீட்டில் ஜொலோஃப் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஈபாடானில் இருக்கும் பாட்டி வாட்ஸ்அப் வீடியோவில் வந்தார். உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தார்கள். பேரன் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தொட்டான். பாட்டி அவனுடைய ஒரிகியைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரிகி என்பது அந்தக் குலத்தின் புகழையும் முன்னோரின் குணத்தையும் அடுக்கிச் சொல்லும் துதி. அதைக் கேட்டால் பிள்ளை தான் யார் என்று தெரிந்து நிமிர்ந்து நிற்பான் என்பது நம்பிக்கை. பாட்டியின் குரல் ஏறி இறங்கி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒன்றாக ஓடியது. பையன் அசையாமல் நின்றான். முடிந்ததும், “தேங்க் யூ, கிராண்ட்மா” என்றான். தோழி எனக்குப் பாதி வரிகளுக்குத்தான் பொருள் சொன்னார். “மீதி எனக்கே தெரியாது. அம்மாவோட போயிடும்” என்றார்.

பழையது எல்லாவற்றையும் கடத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சோமாலிப் பிள்ளைகள் அப்பா, தாத்தா, பூட்டன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வது மரபு. அந்தப் பட்டியல்தான் ஒருவரின் குலத்தையும் காட்டும். குலச் சண்டையால் நாட்டை இழந்து வந்த சிலர் அதைப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கமும் இரண்டு சமூகத்திலும் உண்டு. சோமாலிகள் இதை ‘தகன் எலிஸ்’ என்பார்கள். 2025ல் ஒரு வழக்கு இங்கே பெரிதாகப் பேசப்பட்டது. மகன் கும்பலில் சேர்ந்துவிடுவானோ என்று பயந்த பெற்றோர், உறவினருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அவனை கானாவுக்குக் கூட்டிப்போய் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டார்கள். பையன் வழக்குப் போட்டான். பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொன்னது. கத்திக்குத்தில் பிள்ளைகள் சாகும் ஊரில் இருக்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய் சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவந்தால் பிள்ளைக்கு அந்த மண்மேல் எப்படிப் பிரியம் வரும்?

இப்போது காற்று மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் லண்டன் பள்ளிகளில் கேலிக்குப் பயந்து தன்னை ஜமைக்கா என்று சொல்லிக்கொண்ட நைஜீரியப் பிள்ளைகள் உண்டு. இன்று நைஜீரியப் பாடகர்கள் விஸ்கிட், பர்னா பாய் பாட்டுகளில் வரும் யோருபா வரிகளை எல்லா இனத்துப் பிள்ளைகளும் பாடுகிறார்கள். இருபது வயதைத் தாண்டியவர்கள், “ஏன் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை?” என்று அம்மாவிடம் கோபப்படுகிறார்கள். அந்தக் கேள்வி அந்தத் தாய்க்கு அபராதம் போட்ட பள்ளிக்கும், வீட்டில் பேசாதே என்று சொன்ன ஆசிரியைக்கும் போக வேண்டியது.

இப்போது தொடங்கலாமா என்று கேட்டால், தாராளமாகத் தொடங்கலாம். கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குப் பாதி மொழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தோழியின் மகன் இப்போது பாட்டிக்குக் காலை வணக்கத்தை மட்டும் யோருபாவில் சொல்கிறான். ஆனால் யோருபாவில் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும், அவன் தப்பாகச் சொல்லும்போது மாமாக்கள் சிரித்துவிடுகிறார்கள். அதற்குப் பயந்து அவன் பல நாள் வாயே திறக்கவில்லை. போன மாதம் பாட்டியே தன் மகன்களைக் கூப்பிட்டுத் திட்டினார். இனி பையன் பேசும்போது யாராவது சிரித்தால் போனை வைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.