ஆழத்துக்குப் போகும் ஒளி

கேள்வி: ஒளியைப் பாய்ச்சிச் செய்யும் புற்றுநோய்ச் சிகிச்சையில் நானோ துகள்களுக்கு என்ன வேலை?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இச்சிகிச்சையில் முதலில் ஒளியுணர் மருந்தைச் செலுத்துவார்கள், அதன்மீது சிவப்பு ஒளி படும்போது, திசுவிலுள்ள ஆக்சிஜன் வீரியம் மிக்க வடிவத்துக்கு மாறிப் புற்றணுக்களைக் கொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஒளி ஒரு சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள்ளாகவே மங்கிவிடும். போதாக்குறைக்கு, போட்டோஃப்ரின் போன்ற மருந்து தோலில் தங்குவதால், நோயாளி குறைந்தது 30 நாள்கள் வெயிலில் தலைகாட்டக்கூடாது. 2012இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்னும் ஆழமாக ஊடுருவும் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை உள்வாங்கி, மருந்துக்குத் தேவையான கட்புலனாகும் ஒளியாக அங்கேயே மாற்றித் தரும் துகள்களைக் கொண்டு, எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திக் காட்டினர். கெட்டிக்கார யோசனைதான், ஆனால், இத்தகைய துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தேங்குவதற்கு விடை கண்ட பிறகே மனிதரிடம் வர வேண்டும்.