போர்ஷே இன்ஜின் நம்பரும் ஐஎம்எஸ் பேரிங்கும்: வாசகர் கேள்விகள்

பழைய போர்ஷே கார்களில் 986 பாக்ஸ்டரோ 996 கரேராவோ (911 வகை) வாங்க நினைக்கிற எவரும் கடைசியில் வந்து முட்டுகிற இடம் ஐஎம்எஸ் பேரிங்தான். கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது; அதன் ஆங்கிலப் பெயரான இன்டர்மீடியட் ஷாஃப்டின் சுருக்கமே ஐஎம்எஸ். கிராங்கின் சுழற்சியைச் செயின் வழியாக வாங்கி கேம்ஷாஃப்டுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஃப்ளைவீல் பக்கத்து முனையை ஒரு சீல் செய்த பால் பேரிங் தாங்குகிறது. அது உடைந்தால் டைமிங் தவறும், வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜின் போச்சு. இந்த முறை வந்த கேள்விகள் அநேகமாக எல்லாம் இதைப் பற்றியே.

2001 பாக்ஸ்டர் எஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். “டபுள் ரோ பேரிங்தான், கவலையே வேண்டாம்” என்கிறார் விற்பவர். இன்ஜின் நம்பரை வைத்து உறுதி செய்ய முடியுமா?

பாதிக் கிணறு தாண்டலாம். 1997 முதல் 1999 வரையிலான மாடல்களில் இரண்டு வரிசை பந்துகள் கொண்ட டபுள் ரோ பேரிங் இருந்தது. 2002 முதல் 2004 வரை ஒற்றை வரிசைதான் (சிங்கிள் ரோ), அதுதான் அதிகம் உடைவது. குழப்பமெல்லாம் நடுவில் இருக்கிற 2000, 2001 மாடல்களில். நீங்கள் சரியாக அந்தச் சிக்கலில்தான் கால் வைத்திருக்கிறீர்கள்.

இன்ஜின் நம்பரின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். முதல் 6 என்பது ஆறு சிலிண்டர். இரண்டாவது எந்த இன்ஜின் என்று சொல்லும்: 5 என்றால் சாதாரண பாக்ஸ்டர், 6 என்றால் 911, 7 என்றால் பாக்ஸ்டர் எஸ். மூன்றாவது மாடல் ஆண்டு: எக்ஸ் 1999, ஒய் 2000, 1 என்றால் 2001. ஆக, 671 என்று தொடங்கினால் அது 2001 மாடல் பாக்ஸ்டர் எஸ் இன்ஜின். பேரிங் மாறிய இடமாகச் சொல்லப்படும் எண்கள் இவை: 2.7 லிட்டர் பாக்ஸ்டரில் 651 12851, பாக்ஸ்டர் எஸ்ஸில் 671 11237, 3.4 லிட்டர் 911-இல் 661 14164. உங்கள் நம்பர் 671 11237-க்கு நன்றாக முன்னால் இருந்தால் விற்பவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகப் பின்னால் இருந்தால் அவரிடம் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால்? நம்பரை நம்பாதீர்கள். மாடல் ஆண்டு ஒய் என்று இருந்தும் சிங்கிள் ரோ வந்த வண்டிகள் உண்டு. கியர்பாக்ஸைக் கழற்றி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் எடுத்து, கண்ணால் பார்ப்பது ஒன்றே உறுதியான வழி. வாங்கும் முன் எந்த விற்பனையாளரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். அதனால் நான் சொல்வது: சிங்கிள் ரோ என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கழற்றும்போது டபுள் ரோவாக இருந்தால் லாபம்.

இன்னொன்று. “2000 டிசம்பரில் பதிவான வண்டி, அதனால் 2000 மாடல்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். மாடல் ஆண்டு முந்தைய வருடத்தின் கோடைக்குப் பிறகே தொடங்கிவிடும். சேஸிஸ் நம்பரின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள், மாடல் ஆண்டு அங்கே இருக்கிறது.

இன்ஜின் நம்பர் எங்கே அடித்திருக்கிறது? பின்பக்கம், முன்பக்கம் இரண்டு டிக்கியும் திறந்து பார்த்துவிட்டேன்.

மேலிருந்து பார்த்தால் கிடைக்காது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் ஆயில் சம்ப் தட்டுக்குப் பக்கத்தில் கிராங்க்கேஸின் மேல் பாருங்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்திருக்கும். டீகிரீஸர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். அப்போதுதான் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியும்.

அந்த நம்பரையும் பதிவுச் சான்றிதழில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஜின் மாறியிருக்கிறது. நம்பரோடு ‘ஏடி’ என்று இருந்தால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த மாற்று இன்ஜின். அப்போது வண்டியின் வயதை வைத்து பேரிங்கை ஊகிக்கவே கூடாது. 1998 வண்டிக்குள் சிங்கிள் ரோ உட்கார்ந்திருக்கலாம்.

என் கேமன் எஸ் 2007 மாடல். “பெரிய பேரிங், பயமில்லை” என்கிறார்கள். கிளட்ச் மாற்றும்போது இதையும் மாற்றிவிடலாமா?

மாற்ற முடியாது. 2006 முதல் 2008 வரை வந்த பேரிங் அளவில் பெரிது, கிராங்க்கேஸில் உள்ள துளையோ அதைவிடச் சிறிது. வெளியே எடுக்க வேண்டுமானால் இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். நல்ல வேளையாக இது மற்ற இரண்டையும்விட வலுவானது. கிளட்ச் வேலை நடக்கும்போது மூடியைக் கழற்றி, பேரிங்கின் வெளிப்பக்க சீலை மட்டும் பிடுங்கிவிடுவது பல மெக்கானிக்குகளின் வழக்கம். இன்ஜின் ஆயில் தாராளமாகப் போய்வரும். நானும் அதையே பரிந்துரைப்பேன்.

2005 மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆண்டில் சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. ஃப்ளைவீலை எடுத்ததும் மூடியின் நடுவில் இருக்கும் நட்டைப் பாருங்கள். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்கார்ந்தால் பழைய சிறிய பேரிங், 22 மில்லிமீட்டர் என்றால் பெரியது. நம்பர் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

2003 மாடல் 996, மிகக் குறைவாக ஓடியது, கராஜிலேயே நின்றது. குறைவாக ஓடியதால் பேரிங்கும் புதிதுபோல இருக்கும்தானே?

இல்லை. சீலைத் தாண்டி உள்ளே கசியும் ஆயில் கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு வெளியே வராமல் அங்கேயே தேங்கிக் கெடும். மாதக்கணக்கில் நின்று, எப்போதாவது கடைத்தெருவரை போய்வரும் வண்டியில் இது மோசமாகும். தினமும் ஓட்டி, ஆயிலை ஒழுங்காக மாற்றிய அதே வயது வண்டி என்றால், மீட்டர் கூடுதலாகக் காட்டினாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஏற்கெனவே “ஐஎம்எஸ் முடிந்தது” என்று பில் காட்டுகிறார்கள். போதுமா?

அந்த இரண்டு வார்த்தைக்குள் எதுவும் இருக்கலாம். மூடியின் சீலையும் மூன்று போல்டுகளையும் மாற்றிவிட்டு அப்படி எழுதுபவர்களும் உண்டு. கசிவு நிற்கும், பேரிங் பழையதுதான். பில்லில் பேரிங்கின் பெயர், வகை, பார்ட் நம்பர், மாற்றியபோது ஓடியிருந்த தூரம் நான்கும் வேண்டும். பழைய பேரிங்கைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. செராமிக் பந்துகள் கொண்ட மாற்று பேரிங் போட்டிருந்தாலும் அதற்கும் ஆயுள் உண்டு, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் இதற்கு வழக்கு நடந்து இழப்பீடு கொடுத்தார்களாமே, இப்போது கேட்கலாமா?

காலம் கடந்துவிட்டது. 2013-இல் முடிந்த அந்தச் சமரசம் 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான பாக்ஸ்டர், 911 வண்டிகளுக்கானது. அதாவது சிங்கிள் ரோ காலம். பழுதாகும் பேரிங்குகள் சிங்கிள் ரோவில் சுமார் 8 சதவீதம், டபுள் ரோவில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்த வழக்கில் பேசப்பட்ட கணக்கைத்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

996 டர்போவிலும் இந்தத் தொல்லை உண்டா?

கிடையாது. டர்போ, ஜிடி2, ஜிடி3 மூன்றிலும் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அழைக்கப்படும் வேறு பரம்பரை இன்ஜின். 2009 மாடலிலிருந்து வந்த புதிய பாக்ஸ்டர், கேமன், கரேரா இன்ஜின்களில் அந்தத் தண்டே இல்லை.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரில் மினுமினுவென்று துகள்கள். பேரிங் போய்விட்டதா?

ஃபில்டர் மடிப்புகளைக் கத்தியால் வெட்டி, வெள்ளைக் காகிதத்தின் மேல் விரித்து, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தோடு நகராத வெள்ளித் தூள் அலுமினியமாக இருக்கும், அது வேறு கதை. கறுப்பும் பழுப்புமான பிளாஸ்டிக் துணுக்குகள் பெரும்பாலும் செயின் கைடிலிருந்து வருபவை. காந்தத்தோடு கூட்டமாக நகரும் பளபளப்பான எஃகுச் செதில்கள் இருந்தால் மட்டும் பேரிங்கைச் சந்தேகியுங்கள். அப்படி இருந்தால் “ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தானே இருக்கிறது” என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள், அந்தக் காகிதத்தையும் மடித்துக் கையோடு எடுத்துப் போங்கள்.